குளிர்கடலின் எண்ணெய்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோகிறது. அதே குளிரில் மீன் எண்ணெய் திரவமாகவே இருக்கும். காரணம் மூலக்கூறுகளின் வடிவம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவை நேரான கார்பன் சங்கிலிகள். நெருங்கி அடுக்கிக்கொண்டு கெட்டியாகிவிடும். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 அமிலங்களில் இ.பி.ஏ.வுக்கு 20 கார்பன்கள், 5 இரட்டைப் பிணைப்புகள், டி.எச்.ஏ.வுக்கு 22 கார்பன்கள், 6 இரட்டைப் பிணைப்புகள். ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பிலும் சங்கிலி வளைகிறது. வளைந்த சங்கிலிகளை நெருக்கி அடுக்க முடியாது.

உறையவைக்கும் கடல்நீரிலும் மீனின் செல்சவ்வு இறுகிப்போகாமல் நெகிழ்வோடு இருக்க இந்த வளைவும் உதவுகிறது. இவ்வளவு அருமையான பொருளைப் பெருமளவில் தயாரிப்பது மீன் அல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். பாசியை மிதவை உயிர்கள் தின்ன, அவற்றை நெத்திலியும் மத்தியும் தின்ன, கடைசியில் அது நம் தட்டுக்கு வருகிறது. அங்கிருந்து நம் இதயத் தசையின் செல்சவ்வுக்குள்ளும் போய் அமர்ந்துகொள்கிறது. இரத்தத் தட்டணுக்களின் சவ்வில் அரக்கிடோனிக் என்ற மற்றொரு கொழுப்பு அமிலத்தின் இடத்தை இ.பி.ஏ. பிடித்துக்கொண்டால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வேகம் தணிகிறது. கல்லீரல் இரத்தத்துக்குள் அனுப்பும் ட்ரைகிளிசரைடு கொழுப்பும் குறைகிறது.

1970களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓலாஃப் பாங், யோர்ன் டியூர்பெர்க் இருவரும் கிரீன்லாந்தின் இனுயிட் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். கடல்நாயையும் திமிங்கலத்தையும் மீனையும் உண்ட அம்மக்களுக்கு மாரடைப்பு அரிது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த அரிது என்பதற்கு ஆதாரம், சிதறிக் கிடந்த குடியிருப்புகளின் சுகாதாரப் பதிவேடுகள்தான். மருத்துவரே எட்டிப் பார்க்காத ஊர்களில் பல மரணங்களுக்குச் சரியான காரணம் பதிவாகியிருக்காது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இருந்தாலும் 1999இல் வெளியான இத்தாலிய ஆய்வு நம்பிக்கை தந்தது. மாரடைப்பிலிருந்து மீண்ட 11,324 பேரில் தினமும் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களிடையே மரணம் குறைந்தது. அப்போது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்து இன்றைப்போல் பரவலாகவில்லை. 2018இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் ‘வைட்டல்’ ஆய்வு, 50 வயதைக் கடந்த ஆண்களும் 55 வயதைக் கடந்த பெண்களுமாக 25,871 பேருக்கு அதே 1 கிராம் அளவையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணியபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மீன் குறைவாக உண்பவர்களுக்கு மட்டும் ஓரளவு பலன் இருந்ததுபோல் தெரிந்தது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது: உடலில் ஏற்கெனவே இருப்பதை மேலும் நிரப்பி என்ன பயன்?

அளவைக் கூட்டினால்? தினம் 4 கிராம் சுத்திகரித்த இ.பி.ஏ. கொடுத்த ‘ரெட்யூஸ்-இட்’ ஆய்வில், ட்ரைகிளிசரைடு அதிகமுள்ள நோயாளிகளுக்கு இதயநோய் ஆபத்து 25 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே மறுதரப்புக்குக் கெடுதல் செய்திருக்கலாம் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் சேர்த்து 4 கிராம் கொடுத்த ‘ஸ்ட்ரெங்த்’ ஆய்வில் பலனே இல்லை. இரண்டு ஆய்வுகளிலும் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடியது. முதல் ஆய்வில் அதற்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3.1 சதவீதம், ஒப்பீட்டுத் தரப்பில் 2.1. வயது ஏற ஏறத் தானாகவே பெருகும் கோளாறு இது. பக்கவாதத்துக்கும் இது வழிவகுக்கலாம்.

ஆகவே மருத்துவர் சொல்லாமல் அதிக அளவை எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். மத்தியோ நெத்திலியோ வாரம் இருமுறை சாப்பிடுகிறவர் கேப்சூலுக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. மீனே உண்ணாதவர்களுக்கு நுண்பாசி எண்ணெய் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் லேபிளின் பின்பக்கத்தைப் படிக்கட்டும்: 1,000 மில்லிகிராம் என்று முன்பக்கத்தில் போட்ட சாதாரண மீன் எண்ணெய் கேப்சூலில் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் இருக்கும். துடிப்புக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் அந்த டப்பாவையே கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.