எந்தப் பின்னில் எந்தக் கருவி?

2025 பிப்ரவரியில், சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் விண்வெளிப் பணிகளுக்காக உருவாக்கிய 'ஐரிஸ்' சிப் அறிவிக்கப்பட்டது. இது ஐஐடியின் 'சக்தி' ப்ராசசர் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் 'ரைஸ்கிரீக்' சிப் 2018-லேயே லினக்ஸை ஓட்டிக் காட்டிவிட்டது.

புது சிப், புது போர்டு. எந்தப் பின்னில் எது இணைந்திருக்கிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்கு யார் சொல்வது? யூஎஸ்பி கருவியைச் செருகினால் அது தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். பின்னில் பற்றவைத்த பட்டனுக்கும் எல்இடிக்கும் அந்த வழி இல்லை.

ஏஆர்எம் வகை சிப் உள்ள போர்டுகளுக்கு இந்த விவரங்களை முன்பு கெர்னலின் சி நிரலுக்குள்ளேயே எழுதினார்கள். போர்டுகள் பெருகப் பெருக நிரலும் ஊதியது. 2011-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைக் கடுமையாகக் கண்டித்தார். தீர்வு ஏற்கெனவே கைவசம் இருந்தது: சன் நிறுவனக் கணினிகளின் ஓப்பன் ஃபர்ம்வேரில் பிறந்து, பவர்பிசி லினக்ஸில் பழகிய 'டிவைஸ் ட்ரீ'. போர்டில் என்னென்ன இருக்கிறது, எது எதோடு இணைகிறது என்று சொல்லும் தனிக் கோப்பு அது.

ஒரு சென்சாரின் ரீசெட் பின்னைப் பார்ப்போம். ட்ரீயில் அதற்கு ஒரே வரிதான்: பின்களை இயக்கும் இந்த ஜிபிஐஓ கண்ட்ரோலர், பின் 17, ஆக்டிவ் லோ (மின்னழுத்தம் குறைந்தால் செயல்படும்). சென்சாரை இயக்கும் நிரலான டிரைவருக்கு 17 என்ற எண்ணே தெரியாது. "என் ரீசெட் பின்னைக் கொடு" என்று பெயர் சொல்லிக் கேட்கும்; கெர்னல் ட்ரீயில் தேடி எடுத்துத் தரும். டிரைவர் 1 என்று எழுதினால் 'ரீசெட் செய்' என்றே பொருள். ஆக்டிவ் லோ என்று குறித்திருப்பதால் கெர்னல் அதைத் திருப்பி, பின்னில் மின்னழுத்தத்தைச் சுழியாக்கும். வேறொரு போர்டில் அதே சென்சார் பின் 5-ல், ஆக்டிவ் ஹையாக இருக்கலாம். மாறுவது ட்ரீயின் அந்த வரி மட்டுமே.

ஆக்டிவ் லோவா ஹையா என்ற குறியைத் தவறாக எழுதினாலோ, சென்சார் ரீசெட்டிலேயே கிடக்கும். டிரைவர் எவ்வளவு அழைத்தாலும் பதில் வராது. ஆகவே சர்க்யூட் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ட்ரீ எழுத வேண்டும்.

எழுதிய கோப்பை 'டிடிசி' என்ற கம்பைலர் பைனரியாக்கும். சக்தி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் முறையில், அந்த பைனரி இருக்கும் முகவரியை ஏ1 ரிஜிஸ்டரில் வைத்த பிறகே கெர்னலிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படும்.

சக்தியின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதை வைத்துச் சொந்த போர்டு செய்ய நினைக்கும் மாணவர்கள், உலகம் எழுதிவைத்த ஆயிரக்கணக்கான லினக்ஸ் டிரைவர்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தங்கள் போர்டைப் பற்றிய உண்மையைப் பிசகாமல் எழுதித் தருவதுதான் அவர்கள் பங்கு.