அடிக்கடி நோயுறும் குழந்தை

வயிற்றுப்போக்கினின்று தேறிய குழந்தை மறு திங்களே மீண்டும் படுத்துவிடுகிறது. தாய் தன் விதியை நொந்து கொள்கிறாள். முதல் நோயின்போது உணவை நிறுத்தியதே பல வீடுகளில் இதற்குக் காரணமாயிருக்கக் காணலாம். ஊட்டம் குன்றினால் குடலின் உட்சவ்வு பழுது நீங்காது. எதிர்ப்பாற்றல் தளர்ந்து, அடுத்த தொற்று எளிதிற் பற்றும்.

1971-இல் வங்காள எல்லையை அடுத்த பன்காவ் அகதி முகாமில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று. கரைசல் உயிரைக் காக்கும்; ஆனால் அடுத்த நோயைத் தடுக்காது. அதற்குத் துணையாவது துத்தநாக மாத்திரை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாட்கள் கொடுத்தால், பின்வரும் இரண்டு மூன்று மாதங்களில் நோய் திரும்புவது குறைகிறது. போக்கு நின்றவுடன் மாத்திரையையும் நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை.

தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழைந்த சோற்றுடன் பருப்பும் சிறிது எண்ணெயும் சேர்த்துச் சிறுகச் சிறுக ஊட்டுக. தேறியபின் இரு வாரம் நாள்தோறும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க. பட்டினி போடச் சொல்பவர் பெரும்பாலும் பாட்டியே. ஆகவே ஊழியர் முதலில் அவரிடம் பேசுதல் நலம். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் மாணவியரிடம் ஆசிரியர் கூறினாலும் செய்தி வீட்டை எட்டும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண்கள் குழிந்து குழந்தை பருக இயலாது சோர்ந்தாலோ, உடனே மருத்துவரிடம் அனுப்புக.