பத்துக்குப் பத்து அறையில் சரவுண்ட் சவுண்டு



"எத்தனை வாட்ஸ்ணா?" ஸ்பீக்கர் வாங்கப் போகும் நம்ம பசங்க கடையில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி, "எத்தனை பெட்டி வரும்?" கடைக்காரரும் சளைக்காமல் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் சொல்வார், ஆறு பெட்டியையும் அடுக்கிக் காட்டுவார். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம், உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் எல்லாம் அங்கே போய்விடுகிறது. அறைக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தால் தரை அதிரும், வசனம் புரியாது. பின்னாலிருந்து கேட்க வேண்டிய மழைச் சத்தமும் முன்னாலிருந்தே கேட்கும்.

நாம் கேட்கப்போவது மூன்று, நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்துதான். மேசைமேல் லேப்டாப்போ சின்ன டி.வி.யோ, எதிரே நாற்காலி, பின்னால் கட்டில். எங்கள் பாப்பாரப்பட்டியில் நம்மைப் போன்றவர்கள் இருக்கும் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடிதான். அந்த அறைக்கு எது தேவை, எது வீண் என்பதை வகுப்பில் படித்த கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

1. வாட்ஸ் கணக்கு

ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் கிடைக்கும் டெசிபல் அளவுக்கு சென்சிட்டிவிட்டி என்று பெயர். நம் ஸ்பீக்கருக்கு அது 86 என்று வைத்துக்கொள்வோம். சக்தி பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும்.

திருவிழாப் பந்தலில் ஸ்பீக்கர் கட்டுபவர் தெருக்கோடி வரை சத்தம் போக வேண்டும் என்று பார்க்கிறார். அவருக்கு வாட்ஸ் வேண்டும். நாம் ஒரு மீட்டரில் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு ஒரு வாட்டிலேயே 86 டெசிபல், பத்து வாட்டில் 96. அதே சத்தம் நான்கு மீட்டர் தள்ளி வேண்டுமென்றால் 16 மடங்கு சக்தி தேவைப்படும். கிட்ட உட்காருவதே நமக்கு இலவசமாகக் கிடைத்த ஆம்ப்ளிஃபயர்!

இதற்கு மேல் போவது காதுக்கும் ஆபத்து. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அதாவது 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான்.

பெட்டிமேல் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள். அதை அளக்க ஒழுங்கான பொது விதி கிடையாது. ஆர்.எம்.எஸ். எண்ணைக் கேளுங்கள். அதையும் சரிபார்க்க ஒரு சுலப வழி, அடாப்டரைத் திருப்பிப் பார்ப்பது. 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 24 வாட். தொடர்ந்து 100 வாட் எங்கிருந்து வெளியே வரும்?

2. தியேட்டரில் மட்டும் ஏன் அத்தனை பெட்டி?

1978ல் வந்த 'ப்ரியா' படத்துக்கு இளையராஜா பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். 1995ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் வந்தது. 1996ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியுடன் வந்தது. 2012ல் 'சிவாஜி'யின் முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸுக்குப் போனது. தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் வந்துவிட்டது.

ஆனால் தியேட்டரில் நூற்றுக்கணக்கான பேர் உட்காருகிறார்கள். ஓரத்து சீட்டில் இருப்பவருக்கு பக்கத்து ஸ்பீக்கர்தான் பலமாகக் கேட்கும். அவருக்கும் வசனம் திரையின் நடுவிலிருந்து வர வேண்டும் என்பதால்தான் நடு ஸ்பீக்கர் வைத்தார்கள். நம் அறையில் கேட்பவர் ஒருவர், அவரும் நடுவில்தான் உட்காருகிறார். இடது, வலது இரண்டும் சமமாக ஒலித்தால் குரல் தானாகவே நடுவில் நிற்கும். ஆகவே முதலில் குறைக்க வேண்டிய செலவு, நடு ஸ்பீக்கர்.

3. வயரில் எத்தனை சேனல் வருகிறது?

நம்ம பசங்க ஏமாறும் இடம் இதுதான். ஆறு பெட்டி செட் வாங்கி, செல்போனின் 3.5 மி.மீ. பின்னிலோ புளூடூத்திலோ இணைக்கிறோம். அந்த வழியில் வருவது இரண்டே சேனல். பின்பக்க ஸ்பீக்கரில் கேட்பது பெரும்பாலும் முன்பக்கத்தின் நகல்தான்.

உண்மையான 5.1 வேண்டுமானால் படத்திலும் அது இருக்க வேண்டும், அனுப்பும் கருவியும் அதை அனுப்ப வேண்டும், வாங்கும் செட்டில் டீகோடரும் இருக்க வேண்டும். டி.வி.யிலிருந்து ஆப்டிகல் அல்லது ஹெச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வழியாகப் போகலாம். கம்ப்யூட்டர் என்றால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று பின்கள் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கூடுதல் பெட்டிகளுக்குக் கொடுத்த காசு தண்டம்.

4. கடையில் பார்க்க வேண்டியவை

கையில் மூவாயிரம் ரூபாய் இருந்தால், அதை ஆறு பெட்டிக்குப் பங்கு போடுவதைவிட இரண்டு நல்ல பெட்டிக்குக் கொடுப்பது மேல். ஸ்பீக்கர் மூன்று அல்லது நான்கு அங்குலம் இருக்கட்டும். தனி ட்வீட்டர் இருந்தால் நல்லது.

இரண்டு அங்குலக் குட்டிப் பெட்டிகளால் தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. அந்த வேலையை சப்வூஃபர் 200 ஹெர்ட்ஸ் வரை இழுத்துக்கொள்ளும். ஆண் குரலின் அடித்தளம் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஹீரோ திரையில் பேச, குரலில் பாதி மேசைக்கு அடியிலிருந்து வரும். சப்வூஃபர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வேலை செய்தால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பது கஷ்டம்.

கடையில் குத்துப்பாட்டு போட்டுக் காட்டினால், "அண்ணா, செய்தி போடுங்க" என்று கேளுங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், தெளிவாக நிற்க வேண்டும். பரவி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கேட்டால் ஒரு பெட்டியில் வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். தனி ஸ்பீக்கர் வாங்கினால் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் வைத்தால் கூம்பு வெளியே தள்ளும்.

5. வைக்கும் இடம்

இதற்குப் பைசா செலவில்லை, பலனோ அதிகம். இரண்டு பெட்டிக்கும் உள்ள இடைவெளியும், ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கு உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும், சுமார் ஒரு மீட்டர். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். செங்கல் வைத்து உயர்த்தலாம். சுவரோடு ஒட்ட வேண்டாம்.

தூரம் சமமாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். ஒரு பெட்டி அந்த அளவு கிட்டே வந்துவிட்டால், குரல் முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். முதலில் வரும் ஒலியையே காது நம்புகிறது. ஹெல்முட் ஹாஸ் 1949ல் இதை ஆராய்ந்து எழுதினார்.

பத்தடி அறைக்கு இன்னொரு தொல்லை. எதிரெதிர் சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி முட்டி மோதி நிற்கும். நீளமும் அகலமும் சமம் என்பதால் இரண்டு பக்கமும் அதே எண். சப்வூஃபரை மூலையில் வைத்தால் 'கும்' என்று அடிப்பது இதனால்தான். கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். எதிரொலியைக் குறைக்க தெர்மாகோலும் முட்டை அட்டையும் பெரிதாக உதவாது. இலவம்பஞ்சு மெத்தை, கம்பளி, கொடியில் தொங்கும் துணி இவை உதவும்.

6. பின்பக்க ஒலிக்கு ஒரு மலிவான வழி

டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970களில் பரப்பிய முறை இது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் போதும். ஒன்றின் பிளஸ்ஸை ஆம்ப்ளிஃபயரின் இடது பிளஸ்ஸுக்கும், மற்றதின் பிளஸ்ஸை வலது பிளஸ்ஸுக்கும் கொடுங்கள். இரண்டின் மைனஸையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். கிரவுண்டில் இணைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இப்போது பின்பக்க ஸ்பீக்கர்களுக்குக் கிடைப்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். வசனம் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கழிந்துபோகும். மழை, கூட்டம், கைதட்டல், பாட்டின் எதிரொலி ஆகியவை மிஞ்சும். டால்பி ஸ்டீரியோவும் சரவுண்ட் ஒலியை இரண்டு தடங்களில் எதிரெதிர் ஃபேஸில்தான் ஒளித்து வைத்தது. அதனால் பல பழைய படங்களுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

என் அறையில் ஓடுவது 4440 ஐ.சி. போர்டுதான். ஸ்டீரியோவில் சேனலுக்கு ஆறு வாட். முதல் கணக்கின்படி ஒரு மீட்டரில் சுமார் 94 டெசிபல், தாராளம். முன்பக்கம் 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை! பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்ப்ளிஃபயரில் இதைச் செய்யாதீர்கள். இப்போது கிடைக்கும் டி-கிளாஸ் போர்டுகளில் பல அந்த வகைதான். டேட்டா ஷீட் பார்த்துவிட்டே வயரைத் தொடுங்கள்.

பின்பக்க ஸ்பீக்கரைக் காதுக்குச் சற்றுப் பின்னால், முன்பக்கத்தைவிட அதிக தூரத்தில், கொஞ்சம் உயரத்தில் மாட்டுங்கள். நேராகப் பார்க்கும் திசையிலிருந்து 100 முதல் 120 டிகிரி சரியாக இருக்கும். சத்தம் அதிகமென்றால் தொடரில் 10 ஓம் வயர்வுண்டு ரெசிஸ்டர் போடலாம். பின்னால் ஸ்பீக்கர் இருப்பதே தெரியாமல், அணைத்தால் மட்டும் ஏதோ குறைவது போலத் தெரிந்தால், அதுதான் சரியான அளவு.

ஆக நண்பர்களே, இரண்டு நல்ல பெட்டி, ஒரு அளவு நாடா, இரண்டு பழைய ஸ்பீக்கர். இதில் ஆரம்பியுங்கள். சப்வூஃபர் அடுத்த செமஸ்டரில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும் முன் நம் ஆய்வகத்தில் நண்பரோடு சேர்ந்து ஹாஃப்லர் இணைப்பைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் வாட்ஸ் சொல்ல ஆரம்பித்தால், அடாப்டரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்!

- மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு