வழித்துணையாகுமா துப்பாக்கி?

விடுமுறை நாள்களில் குடும்பத்துடன் காரில் நெடுந்தொலைவு செல்வதும், மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ கூடாரம் அமைத்து இரவு தங்குவதும் நம் நடுத்தர வகுப்பினரிடையே பெருகி வருகின்றன. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், அதனுடன் சேர்ந்து ஓர் அச்சமும் வளர்ந்திருக்கிறது. ஆள் நடமாட்டமற்ற சாலையில் யாரேனும் வழிமறித்தால் என்ன செய்வது என்பதே அந்த அச்சம்.

என்னிடம் பொருளியல் பயின்று, இப்போது பெங்களூரில் பணிபுரியும் மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். மனைவி, இரு பிள்ளைகளுடன் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து மேற்கே மலைப்பகுதிகளுக்கும் பத்து நாள் பயணம் செல்லத் திட்டமிட்டிருக்கிறார். "உரிமம் பெற்று ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன, ஐயா?" என்பது அவருடைய கேள்வி.

சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல இது. கோட்டைப்பட்டினம், மீமிசல் பகுதிகளில் இரவில் தனியே வாகனம் ஓட்டியவர்களும், பொன்னமராவதி வட்டாரத்தின் பெரிய வீடுகளில் தனித்து வாழும் முதியவர்களும் இந்த அச்சத்தை அறிவார்கள். அச்சம் நியாயமானது, அதற்குத் துப்பாக்கி தீர்வாகுமா என்பதைத்தான் ஆராய வேண்டும்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். உரிமம் கேட்பவர் தனக்கு உள்ள ஆபத்தை விளக்க வேண்டும். காவல் துறை விசாரிக்கும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியும் பெற வேண்டும். 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டித்தது.

பயணிக்கு முக்கியமானது வேறொன்று. உரிமம் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்பது உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். தன் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ மட்டும் உரிமம் பெற்றவர் எல்லையைத் தாண்டினால், பாதுகாப்புக்காக எடுத்துச் சென்ற ஆயுதமே அவர்மீதான வழக்குக்குச் சான்றாகிவிடும். தேர்தல் காலங்களிலோ துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவது வழக்கம்.

காட்டில் கூடாரமடிக்க நினைப்போருக்கு இன்னொரு தடை உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, முன் அனுமதி இன்றி எந்த ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. யானைக்கும் சிறுத்தைக்கும் அஞ்சித் துப்பாக்கி எடுத்துச் செல்பவர், விலங்கைச் சந்திக்கும் முன்பே வனத்துறையைச் சந்திக்க நேரும்.

அப்படியானால் தற்காப்பு உரிமையே நமக்கு இல்லையா? இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அந்த உரிமையை விரிவாகவே அளிக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழும்போது தாக்குபவரின் உயிரைப் போக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால், தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக் கூடாது. காவல் துறையின் உதவியை நாட நேரமிருந்தால் அந்த உரிமை எழாது. இருட்டில், இரண்டு நொடிகளில், கை நடுங்கும் வேளையில் இந்த அளவை எடைபோட வேண்டியவர் நீங்கள். அதைப் பின்னர் ஆற அமர ஆராய்வது நீதிமன்றம்.

ஆயுதம் தாங்கும் உரிமையைப் பற்றி நம் முன்னோர் சிந்திக்காமல் இல்லை. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்தமிழகத்து மக்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. அந்தச் சட்டத்தைக் காந்தியடிகளே கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 1931-இல் கராச்சி காங்கிரஸ் மாநாடு ஏற்ற அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றிருந்தது.

எனினும், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதனை எதிர்த்தார், சபை ஏற்கவில்லை. அரசமைப்பின் 19-ஆவது பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையையே நமக்கு அளித்தது. அந்நியன் நம்மை நிராயுதபாணிகளாக்கியது வேறு. விடுதலை பெற்ற மக்கள் தாமே தெரிந்து எடுத்த முடிவு வேறு.

சட்டத்தை விடுத்துப் பொருளியலுக்கு வருகிறேன். ஆபத்தைக் கணக்கிடும்போது, அது எவ்வளவு கொடியது என்பதோடு எத்தனை முறை நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். பாம்புக்கடியால் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது காட்டுத்தீ. இவற்றில் எதையும் துப்பாக்கியால் சுட்டு விரட்ட முடியாது.

என் மாணவரின் குடும்பத்தை அச்சுறுத்தும் ஆபத்துகளை வரிசைப்படுத்தினால், தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் வாகனம் முதலிடத்தில் நிற்கும். வழிப்பறிக் கொள்ளையன் வெகு கீழேதான் வருவான். ஆனால் அச்சம் இந்த வரிசையைப் பார்ப்பதில்லை. செய்தியில் கண்டதையே பெரிதாகக் காட்டுகிறது.

சரி, அரிதான அந்த ஆபத்து நேர்ந்தேவிட்டது எனக் கொள்வோம். வழிப்பறி செய்பவன் இடத்தையும் நேரத்தையும் தானே தேர்ந்தெடுக்கிறான். எதிரியின் எண்ணிக்கை அவனுக்குத் தெரியும். பயணிக்கோ எதுவும் தெரியாது. பூட்டிய பெட்டியில் இருக்கும் துப்பாக்கி அந்நேரத்தில் கைக்கு வராது. பூட்டாமல், குண்டு நிரப்பிக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால், அது முதலில் எட்டுவது பின்னிருக்கையில் விளையாடும் பிள்ளையின் கைக்கு. விரைவில் எடுப்பதும் பத்திரமாக வைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை. குழந்தைகள் உடன் வரும் பயணத்தில் இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை.

பொருளியலில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஒருவர் தம் நன்மைக்காகச் செய்யும் செயலின் விலையை, அதில் தொடர்பே இல்லாத வேறொருவர் செலுத்த நேர்வதே புறவிளைவு. துப்பாக்கிக் குண்டைவிட இதற்குத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடையாது.

புதுக்கோட்டை மாவட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, தளத்துக்கு வெளியே, தன் தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் உயிர் பிரிந்தது. முறையான பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்றே அமைந்த தளத்தில், பகல் வெளிச்சத்தில் சுடும்போதே இப்படி நேர முடியுமென்றால், ஆண்டுக்கொருமுறை துப்பாக்கியைத் தொடும் ஒருவர் நள்ளிரவில் பதற்றத்தில் சுடும் குண்டு எங்கே போய் நிற்கும்?

துப்பாக்கிகள் பெருகினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கா சான்று. 2010 முதல் அங்கே தேசியப் பூங்காக்களில்கூட மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டுக் குண்டு நிரப்பிய துப்பாக்கியுடன் செல்லலாம். மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகமுள்ள அந்நாட்டில், 2022-இல் மட்டும் 48 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் மாண்டனர். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். கொள்ளையனுக்காக வாங்கிய துப்பாக்கி, மனம் உடைந்த ஒரு மாலைப் பொழுதில் வாங்கியவர் பக்கமே திரும்பிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

நம் நாட்டுக் கணக்கையும் பார்க்கலாம். 2016 இறுதியில் மத்திய உள்துறையின் புள்ளிவிவரப்படி உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் ஆயுத உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. 2011 மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டால், அங்கே லட்சம் பேருக்கு சுமார் 640, இங்கே 31. இருபது மடங்கு வேறுபாடு. அந்த மாநிலத்துச் சாலைகள் இருபது மடங்கு பாதுகாப்பாக இருக்கின்றனவா? அதே 2016-இல்தான் புலந்த்சாகர் அருகே நெடுஞ்சாலையில் ஒரு குடும்பம் வழிமறிக்கப்பட்டு, தாயும் மகளும் கொடுமைக்கு உள்ளாயினர். வசதி படைத்தவரின் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி, வழியில் செல்லும் ஏழைக்குக் காவலாவதில்லை.

வழிப்பயணத்தின் ஆபத்து நமக்குப் புதிதன்று. இதே நார்த்தாமலை ஒரு காலத்தில் பெரும் வணிகத் தலம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுவினர் சாத்துகளாகவே பயணித்தனர். வீரர்களைக் கூட்டாக அமர்த்திக்கொண்டனர். புதுக்கோட்டைக் கல்வெட்டுகளில் ஊரார் பாடிகாவல் உரிமையைத் தலைவர்களிடம் ஒப்படைத்த செய்திகள் நிறைய உண்டு. காவலுக்கு ஈடாக விளைச்சலில் பங்கு அளித்தனர். பிற்காலத்தில் காவல் காப்பவனே கப்பம் கேட்பவனாக மாறியதும் உண்டு. ஆயுதம் தாங்கிய தனியார் காவலின் இயல்பான போக்கு அது.

இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றையும் இம்மாவட்டம் நாட்டுக்குக் கற்றுத் தந்தது. 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் அங்கமாக, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கேலியையும் வசைகளையும் மீறி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஒரு பெண் தனியாக ஓட்டியபோது கேலிப் பொருளானாள். நூறு பெண்கள் ஓட்டியபோது சாலையே அவர்களுடையதாயிற்று. அவர்கள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. பாதுகாப்பு என்பது பொதுப் பண்டம். பலரும் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் அது வளரும்.

'ஆபத்து நேரத்தில் காவல் துறை வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை என்ன செய்வது?' என்ற எதிர்வாதம் வலிமையானது. அதை மறுக்க மாட்டேன். குறிப்பிட்ட கொலை மிரட்டல் உள்ளவருக்கு உரிமம் வழங்கச் சட்டத்தில் இடமிருப்பது சரியே. ஆனால், காவல் தாமதமாக வருகிறது என்பது காவலை விரைவுபடுத்துவதற்கான காரணமாக வேண்டுமே தவிர, ஒவ்வொரு பயணியையும் காவலராக்குவதற்கான காரணமாகக் கூடாது.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மாவட்டத்தின் உட்சாலைகளிலும் இரவு ரோந்து, விளக்கு வசதியுள்ள ஓய்விடங்கள், கைப்பேசிச் சமிக்ஞை எட்டாத இடங்களை ஒழித்தல், அழைப்புக்குக் காவலர் வந்து சேரும் நேரத்தை மாவட்டவாரியாக வெளியிடுதல் ஆகியவற்றுக்குச் செலவிடும் தொகை, உரிமம் உள்ளவர் இல்லாதவர் என அனைவருக்கும் பயன் தரும்.

பயணி செய்யக்கூடியவையும் உள்ளன. இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது, வனத்துறை அனுமதித்த பாதைகளில் வழிகாட்டியுடன் மட்டும் செல்வது, செல்லும் வழியை உறவினருக்குத் தெரிவிப்பது, 112, 108, நெடுஞ்சாலை உதவிக்கான 1033 ஆகிய எண்களைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்பது, நச்சுமுறி மருந்துள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனையை முன்பே அறிந்துவைப்பது, யாரேனும் வழிமறித்துப் பொருளைக் கேட்டால் கொடுத்துவிட்டு உயிரைக் காப்பது ஆகியவையே அவை. இழந்த நகையை மீண்டும் ஈட்டலாம்.

என் மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "துப்பாக்கிக்கும் உரிமத்துக்கும் செலவிட நினைத்த தொகையில் நல்ல சக்கரங்களை மாற்றுங்கள், மாலை ஆறு மணிக்குமேல் வண்டி ஓட்டாதீர்கள், கூடாரத்தை ஊரை ஒட்டியே அமையுங்கள்." ஊரை ஒட்டி இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அழைத்த குரலுக்கு ஓடிவர அங்கே மனிதர்கள் இருப்பார்கள். நாம் கட்டிக்காக்க வேண்டியது அந்த நம்பிக்கையைத்தான்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).