செல்லாத நோட்டுக்கு ஏன் இத்தனை மவுசு?

சட்டைப் பையில் மறந்துவிட்ட நோட்டு சலவையோடு போய்க் கூழாகி வெளியே வந்தால், எந்த இல்லத்தரசிக்குத்தான் வயிறு எரியாது? ஆஸ்திரேலியப் பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே நோட்டெல்லாம் பிளாஸ்டிக்! துடைத்து எடுத்து வைத்துக் கொள்ளலாம். (இஸ்திரி மட்டும் போட்டுவிடக் கூடாது. சூட்டில் அப்பளமாய்ச் சுருங்கிவிடும்.)

இந்த நோட்டு பிறந்ததே ஒரு திருட்டினால்தான். 1966 பிப்ரவரியில் அங்கே பவுனை விட்டுவிட்டு டாலருக்கு மாறினார்கள். புது நோட்டு வந்து வருஷம்கூட ஆகவில்லை. டிசம்பரில், கிறிஸ்துமஸ் கூட்டம் கடைகளில் அலைமோதும் சமயம் பார்த்து, கள்ளப் பத்து டாலர் நோட்டுகள் தலைகாட்டின. ரிசர்வ் வங்கியின் கவர்னர் கூம்ப்ஸ் விஞ்ஞானிகளை நாடினார். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் சாலமன் என்ற வேதியியல் நிபுணரும் அவர் குழுவும் சொன்ன யோசனை இது: காகிதமே வேண்டாம், பிளாஸ்டிக் படலத்தில் அச்சடிப்போம். நடுவே கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல் விடுவோம். போட்டோ பிடித்து நோட்டடிக்கிற பேர்வழி அந்த ஜன்னலுக்கு எங்கே போவான்?

சரி, அச்சிட்டுப் பார்க்க வேண்டாமா? புழக்கத்திலுள்ள நோட்டைப் போலவே அச்சிட்டால் விஞ்ஞானிகளே கள்ளநோட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்களே! அதனால் மூன்று டாலர், ஏழு டாலர் என்று நாட்டிலேயே இல்லாத மதிப்பில் சோதனை நோட்டு அடித்தார்கள். கசக்கினார்கள், மடித்தார்கள், தேய்த்தார்கள். இப்படியே இருபது வருஷம்! 1988-ல்தான் முதல் பத்து டாலர் பிளாஸ்டிக் நோட்டு மக்கள் கைக்கு வந்தது. ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் ஓர் ஆதிவாசி இளைஞன், ஜன்னலில் காப்டன் குக். 1996-க்குள் எல்லா நோட்டும் மாறிவிட்டது.

அந்தச் சோதனை நோட்டுகளைத்தான் சேகரிப்பவர்கள் தேடித் தேடி அலைகிறார்கள். கடையில் கொடுத்தால் ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது. ஆனால் வேலை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டிய சரக்கு அது. தப்பிப் பிழைத்தது கொஞ்சம் என்பதால்தான் இந்தக் கிராக்கி!

ஆஸ்திரேலியாவுக்கு முன்பே முயன்றவர்களும் உண்டு. ‘டைவெக்’ என்ற செயற்கை இழைத் தாளில் 1980-ல் ஹைட்டியிலும், 1983-ல் கோஸ்டா ரிக்காவிலும் நோட்டு வெளியிட்டார்கள். ஹைட்டியின் புழுக்கத்தில் மை இழுகிவிட்டது, பாவம். அதே தாளில் ஹோண்டுராஸ், ஈக்வடார், வெனிசுலா, எல் சால்வடார் நாடுகளுக்காகத் தயாரித்த நோட்டுகள் வெளிவராமலே நின்று போயின. வெளிவந்ததைவிட வெளிவராததற்குத்தான் மதிப்பு அதிகம். பொழுதுபோக்கில் இதெல்லாம் சகஜம்!

வீட்டுக்காரரோ பிள்ளையோ இதில் இறங்கி, “அச்சு விட்டுப்போன அபூர்வ நோட்டு, சோதனைக்கு அடிச்சதாம்” என்று சீட்டுப் பணத்தைக் கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சாதாரண பிளாஸ்டிக் நோட்டில் ஏதோ திராவகம் போட்டு மையை அழித்துவிட்டு, அபூர்வம் என்று தலையில் கட்டுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். நோட்டைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பாருங்கள். அழுத்தி அச்சிட்ட கோடுகளின் தடம் தெரிந்தால், அங்கே மை இருந்திருக்கிறது, யாரோ துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கிருந்து, யார் கைமாறி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஆரம்பத்திலேயே இத்தனை வம்பு எதற்கு? இலங்கை 1998-ல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வெளியிட்ட 200 ரூபாய் பிளாஸ்டிக் நோட்டு இருக்கிறது. சிங்கப்பூரில் உறவுக்காரர் இருந்தால் இரண்டு டாலர் நோட்டு ஒன்று கொண்டுவரச் சொல்லலாம். அதில் தமிழ் எழுத்தும் உண்டு. குழந்தைகளுக்குக் காட்டினால் குஷியாகிவிடுவார்கள். ஆல்பம் வாங்கும்போது மட்டும் பி.வி.சி. உறை வேண்டாம். நாளாவட்டத்தில் பிசுபிசுத்து நோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.