குடலழற்சி நோயும் நிர்ப்பீடனத் தொகுதியும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

உடப்பு முதல் கற்பிட்டி வரையான புத்தளக் கரையோரத்தில், மலத்துடன் சீதமும் குருதியும் கழியுமாயின் மக்கள் அதனை வயிற்றுளைவு என்பர். இக்கருத்து ஆதாரமற்றதன்று. மணற்பாங்கான நிலத்தில் ஆழங்குறைந்த கிணறுகளை நம்பி வாழுமிடத்து, மலகூடக் கழிவு நிலத்தடி நீருடன் கலத்தல் எளிது. அமீபாவும் சிகெல்லாப் பற்றீரியாவும் அந்நீர்வழியே குடலை அடையும். எனினும், கழிச்சல் வாரக்கணக்கில் நீடித்து, மருந்துண்ட பின்னும் மீளத் தோன்றுமாயின், காரணம் கிருமிதானா என்ற வினாவை நாம் எழுப்புதல் வேண்டும்.

பெருங்குடற் புண்ணழற்சி, குறோன் நோய் என இருவகைப்படும் நீடித்த குடலழற்சி, தொற்றுநோயன்று. குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒற்றைக் கலவடுக்கே. அதன் ஒருபுறம் கோடானுகோடி பற்றீரியாக்கள். மறுபுறம் நிர்ப்பீடனக் கலங்கள். இவ்விரண்டிற்குமிடையே மோதல் மூளாவண்ணம் சீதப்படலம் தடுக்கின்றது. ஒழுங்காக்கும் நிணநீர்க்கலங்கள் இன்டர்லியூக்கின்-10 போன்ற பதார்த்தங்களைச் சுரந்து அழற்சியை அடக்குகின்றன. இப்பதார்த்தத்தை ஆக்கவியலாத எலிகளுக்குக் குடலழற்சி உண்டாதல் 1993 இல் வெளியிடப்பட்டது. கிருமியற்ற சூழலில் வளர்க்கப்பட்ட அத்தகைய எலிகளுக்கோ அது உண்டாகவில்லை. நோய்க்குப் பற்றீரியாவும் வேண்டும், அதனைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றலின் தளர்வும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இது மேனாட்டார் நோயெனவே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயின், பிரித்தானியாவின் லெஸ்ரர் நகரிற் குடியேறிய தென்னாசியரிடையே புண்ணழற்சி ஐரோப்பியரினும் மிகுதியாகக் காணப்பட்டது. கொழும்பு, கம்பஹா மாவட்ட மருத்துவமனைகளை ஆதாரமாகக் கொண்டு 2010 இல் வெளியான ஆய்வு, இலட்சம் பேரில் 5.3 பேருக்குப் புண்ணழற்சியும் 1.2 பேருக்குக் குறோன் நோயும் உளவெனக் கணித்தது. மகா ஓயாவைக் கடந்தால் கம்பஹாவின் அயல் மாவட்டம் புத்தளமே.

நோய்நிர்ணயம் பிழைப்பின் விளைவு பாரதூரமானது. புண்ணழற்சிக்கு வழங்கப்படும் ஸ்டீரொயிட்டு மருந்துகள் நிர்ப்பீடனத்தை அடக்குவன. அமீபா நோயாளிக்கு அவற்றை அளிப்பின் குடல் துளைபடவுங்கூடும். குடலைப் பற்றிய கசநோய் குறோன் நோயைப் பெரிதும் ஒத்தது. குறோன் நோய்க்கென 1998 முதல் வழக்கிலுள்ள இன்ஃபிளிக்சிமாப், உறங்கிக்கிடக்கும் கசநோயைக் கிளர்த்தவல்லது. மறுபுறம், புண்ணழற்சியாளருக்குக் கிருமிகொல்லி மாத்திரமே தொடர்ந்து அளிக்கப்படுமாயின், குருதியிழப்பும் குடற்சேதமும் பெருகும். 'நிர்ப்பீடனத்தைப் பெருக்கும்' என விற்கப்படும் மருந்துகளும் இவருக்குத் துணையாகா. இவரது குடலில் அத்தொகுதி ஏற்கெனவே மிகையாகக் கிளர்ந்துள்ளது.

ஒரே அறிகுறி, எதிரெதிர்ச் சிகிச்சைகள்: இவற்றைப் பிரித்தறிய மலச் சோதனையும் பெருங்குடல் அகநோக்கலும் இழையச் சோதனையும் தேவை. நாட்கூலியை இழக்காது இவற்றைப் பெறும் வாய்ப்பு கரையோர மீனவருக்கும் கிட்டுதல் வேண்டும். கிணற்றுநீர் தூய்மையுறின் வயிற்றுளைவு குறையும். அது குறையவே, அதன் நிழலில் மறைந்துகிடக்கும் நீடித்த குடலழற்சி மருத்துவரின் கண்ணுக்குப் புலப்படும். ஆதலின் தூயநீருக்கான கோரிக்கையையும் சோதனை வசதிக்கான கோரிக்கையையும் நாம் ஒன்றாகவே முன்வைத்தல் தகும்.