சொல்ல முடியாத வலி: மார்க்கத்தின் பெயரால் குற்றம் சுமத்தாதீர்கள்

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு உதிரப்போக்கு நிற்காமல் இருந்தது. தயங்காமல் நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, இரத்தக் குழாயிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அதை நபியவர்கள் உடல் கோளாறாகவே பார்த்தார்கள். அந்தப் பெண்மணியின் குற்றமாகப் பார்க்கவில்லை.

இன்று நம் சகோதரிகள் சிலர் வெளியே சொல்லாமல் தாங்கும் இன்னொரு நோய் உண்டு. பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் எரிச்சலாகவோ குத்தலாகவோ குறைந்தது 3 மாதங்கள் வலி நீடிக்கும். தொற்று, தோல் நோய் போன்ற தெளிவான காரணம் எதுவும் தென்படாது. மருத்துவர்கள் இதை ‘வல்வோடைனியா’ என்கிறார்கள். தோல் இயல்பாகவே தெரியும். ஆனால் உட்காருவதும் வேதனை, தாம்பத்தியமும் வேதனை. திருமணமாகாத பெண்களுக்கும் இது வரலாம்.

“டாக்டரே ஒன்றுமில்லை என்கிறார், இவள் நடிக்கிறாள்” என்று வீட்டில் பேச்சு எழும்போது வலியோடு மனநோயும் சேர்கிறது. பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை தொடர்கின்றன. அச்சத்தில் இடுப்புத்தளத் தசைகள் இறுகுகின்றன. இறுகினால் வலி கூடுகிறது.

இதில் சிலர் மார்க்கத்தையும் இழுக்கிறார்கள். கணவன் அழைத்து மறுக்கும் மனைவியை வானவர்கள் சபிப்பதாக வரும் ஹதீஸை அவள் முன் வைக்கிறார்கள். தக்க காரணமின்றி மறுப்பதையே அது குறிக்கிறது என்று இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிம் விரிவுரையில் விளக்குகிறார்கள். உடலுறவால் தீங்கு விளையும் நோய் தக்க காரணமே என்று அதே இமாமின் ‘மின்ஹாஜ்’ நூல், ஜீவனாம்சம் பற்றிய பகுதியில் கூறுகிறது. எனவே வலியால் மறுப்பவள் பாவியல்ல. அவளது ஜீவனாம்ச உரிமையும் போவதில்லை.

சிகிச்சை உண்டு. இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி, மரத்துப்போகச் செய்யும் களிம்பு, நரம்பு வலிக்கான மாத்திரை, மனநல ஆலோசனை ஆகியவற்றை நிலைமைக்கேற்ப மருத்துவர் தேர்ந்தெடுப்பார். சுத்தம் போதவில்லையோ என்ற வஸ்வாஸில் சோப்பும் கிருமிநாசினியும் போட்டுத் தேய்த்தால் எரிச்சல் கூடும். அவ்விடத்துக்கு வெறும் தண்ணீரே போதும். குளிப்பு நிறைவேறவும் சோப்பு நிபந்தனையல்ல.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு பஸ் பயணம்தான். மகளிர் மருத்துவமும் மனநல மருத்துவமும் அங்கே ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. மனம் உடைந்து போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். “மனைவி ஒத்துழைப்பதில்லை” என்று தலாக் பேச்சு வந்தால், கையெழுத்துக்கு முன், நம்பிக்கையான ஒரு மூத்த பெண்மணி வழியாக அவளுக்கு வலி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கணவர்களே, டாக்டரிடம் நீங்களும் கூடப் போங்கள்.

நோயுற்ற சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.